நாலு மாசம் தாங்குமா?

தம்பிகளே,

போன வாரம் நான் நாடி நகரத்து மார்டின்டார் பட்டறைக்கு வந்தபோது உங்களில் ஒருவர், சேலத்துக்காரர், என்னை வழிமறித்துக்கொண்டார். "ஐயா, எங்க ஊர்ல ஒரு கார் பேட்டரி நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஓடுது. இங்க ரெண்டரை வருஷத்துல படுத்துடுதே, ஏன்?" என்று கேட்டார். வெயில் என்றேன். சேலத்தில் இல்லாத வெயிலா என்று சண்டைக்கு வந்தார். சரி, வெயிலோடு உப்புக்காற்று, அதோடு ஹோட்டலிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து ஹோட்டலுக்கும் ஓடுகிற ஐந்து நிமிட ஓட்டம், ஸ்டார்ட் செய்யும்போது போன சார்ஜ் திரும்பி ஏறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறார்கள், அதுவும் போக அந்த பேட்டரி கப்பலிலும் கடை அலமாரியிலும் எத்தனை மாதம் தூங்கிவிட்டு வந்ததோ என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முப்பத்தைந்து வருடம் இந்தத் தீவு நாட்டில் பேட்டரியும் வயரிங்கும் பார்த்தவன் நான். எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வியை எத்தனை ஆயிரம் பேர் என்னிடம் கேட்டிருப்பார்களோ. ஒரே ஒரு தடவை அதற்குத் தெரிந்தே தப்பான பதிலைச் சொன்னேன். அந்த ஒரு பதிலில் இரண்டு உயிர் ஊசலாடியது. என் பிள்ளைகளிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே என்னிடம் வேலை பழகியவர்கள் எல்லாரும் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்துக்குத்தான் உங்களை விமானம் ஏற்றி அழைத்து வந்திருக்கிறார்கள். அஞ்சாறு வருடத்துக்கு முன் இதைத் தமிழில் எழுதியிருந்தால் இந்தத் தெருவில் படிக்க ஆள் இருந்திருக்காது. என் தமிழ் கோயிலில் மாலை வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழ். என் பேச்சைக் கேட்டு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். எழுத்தில் சிரிப்பு வராதபடி உங்களில் ஒருவர்தான் திருத்திக் கொடுத்திருக்கிறார்.

டெஸ்ட் செய்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது மிஷினே சீட்டு அடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் சீட்டு அடிக்கும் மிஷினுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

எண்பத்தேழாம் வருடம், மே மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்தப் பட்டறைக்கு அப்போதிருந்த முதலாளியின் பெயர் வேண்டாம், முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் வந்து பானட்டைத் திறந்ததும், ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டர் முள் எவ்வளவு கீழே விழுகிறது என்று பார்ப்பார். இதை மூன்று தடவை செய்வார். அது முடியும்வரை வண்டிக்காரரைப் பேச விடமாட்டார். யாராவது வாயைத் திறந்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். ஊர்ப் பெரிய மனிதராக இருந்தாலும் சரி. நாங்கள் அதைக் கேலி செய்து சிரிப்போம். மீட்டருக்கு என்ன காதா இருக்கிறது என்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. காலை நேரம். ஒரு பேட்டரியின் செல்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டாக்சிக்காரர் ஒருவர் வண்டியை அணைக்காமலே ஓடி வந்தார்.

"பார்லிமெண்டுல சோல்ஜர் பூந்துட்டான். மந்திரிங்களையெல்லாம் புடிச்சிக்கினு பூட்டான்."

இந்த நாட்டில் இப்படி நடக்கும் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் குடித்திருக்கிறாயா என்று கேட்டிருப்பேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல் நிரம்பி, வழிந்து, ஆசிட் மேசையில் ஓடி என் கால்சட்டையில் சொட்டியது. மாலையில் வீட்டில் துணி மாற்றும்போது தொடையில் காசு அளவுக்கு நாலு ஓட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எரிச்சலே தெரிந்தது.

மூன்று வாரத்தில் முதலாளி பிரிஸ்பேனில் இருந்த மகனிடம் போய்விட்டார். பட்டறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். அதுவரைக்கும் வருகிறவர்கள், "எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்பார்கள். இப்போது, "எத்தனை மாசம் வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பழசையே கொஞ்சம் தேற்றிக் கொடுக்க முடியுமா, டிசம்பர் வரைக்கும் ஓடுமா, பிப்ரவரியைத் தாண்டுமா என்று. புது பேட்டரி போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏழெட்டுப் பேர் வந்த பிறகு எனக்கு உறைத்தது. எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவருக்கு இனி இங்கே இடமில்லை என்று பயந்து, இவர்கள் எல்லாரும் நாட்டை விட்டுப் போகப்போகிறவர்கள். போகும் நாள் வரைக்கும் வண்டி ஓடினால் போதும் அவர்களுக்கு.

ஒருவர் போகப்போகிறார் என்பது அவருடைய கூடப்பிறந்தவருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. ஒரு ஹெட்மாஸ்டர் வந்தார். பிப்ரவரி வரைக்கும் வந்தால் போதும் என்றார். "இன்னா மாஸ்டர், வான்கூவரா, ஆக்லாந்தா?" என்று கண்ணடித்தேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் தேற்றி மாட்டிய பழைய பேட்டரிக்குப் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவருடைய அம்மாவைப் பார்த்தேன். நாக்கில் சனி. "பையன் கிளம்பறாரு, நீங்களும் கூடவா பாட்டிம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா கையிலிருந்த பிரசாதத்தை இலையோடு கீழே வைத்தார். "எங்க கிளம்பறான்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஹெட்மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. "உன் வேலை பேட்டரி. அதோட நிறுத்திக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டிலேயே கழற்றி எடுத்து வந்திருந்த, நான் மாட்டிய பேட்டரியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். இனி யார் வந்து எத்தனை மாதம் என்று கேட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். நல்ல சபதம்தான். ஆனால் நான் எடுக்க வேண்டிய சபதம் அது இல்லை.

கூடவே இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டேன், இது யாரும் கேட்காமல் நானே போட்டது. ராணுவம் வந்த பிறகு சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. என் அலமாரியில் கார்களுக்கு மாட்டுகிற அளவில் இரண்டே இரண்டு புது பேட்டரிகள் இருந்தன. அவை இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்குத்தான் என்று முடிவு செய்தேன். போகிறவன் பழசை வைத்துக்கொண்டு சமாளிக்கட்டும். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நினைத்தேன். உண்மையில் அது நியாயம் இல்லை, கோபம். விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேலெல்லாம் எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஜூலை மாதம் என் அண்ணன் வந்தார். ரராவாய் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன கரும்பு நிலத்தை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவரும் அண்ணியும்தான். ராணுவம் வந்த முதல் வாரம் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, யார் போனாலும் நாம் இரண்டு பேரும் போகக் கூடாது என்று பேசிக்கொண்டோம். ராணுவ ஆட்சியின் கீழ் அந்த வருடம் கரும்பு வெட்டுவதா வேண்டாமா என்று விவசாயிகள் எல்லாரும் தவித்துக்கொண்டிருந்த நேரம். வழியெல்லாம் சோதனை வேறு. அதனால் நான் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை.

காலை ஏழு மணி இருக்கும், குளிர்ந்த காலை. அண்ணன் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னாண்ணே, அண்ணி வரலியா?"

"மேலுக்கு சரியில்ல. வூட்லயே இருக்குது." பானட்டை அவரே திறந்தார். "இத பாரு. இந்த பேட்டரி இன்னும் நாலு மாசம் தாங்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் விழுந்தது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசம் தாங்கிச்சின்னா போதும் எனக்கு" என்றார் மறுபடியும். "உங்கிட்ட புதுசு ரெண்டுதான் இருக்குதாம், டாக்சிக்காரன் சொன்னான். தாங்காதுன்னா சொல்லு, ஒண்ணு குடு. தாங்கும்னா வேற யாருக்காச்சும் ஆவட்டும்."

நாலு மாதம். ஜூலையிலிருந்து நவம்பர். அப்படியென்றால் பேப்பர் எல்லாம் போட்டாயிற்று. வராந்தாவில் பேசியதெல்லாம் பேச்சுக்கு. என் சொந்த அண்ணன், என்னிடமே வந்து, யாரோ ஹெட்மாஸ்டர் மாதிரி, நாலு மாதம் போதும் என்கிறார். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சபதம் எடுத்தவன் ஆயிற்றே. ரோஷம் வேறு சேர்ந்துகொண்டது. அவராகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த பேட்டரி நான் மாட்டியதுதான். மாட்டும்போது ஈய முனையின் மேல் மாதத்தையும் வருடத்தையும் ஆணியால் கீறி வைப்பது என் வழக்கம். இரண்டு வருடமும் பத்து மாதமும் ஆகியிருந்தது. மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது நன்றாகவே காட்டியது. அண்ணனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அந்த ஒரு அடியில் முள் விழுந்த இடத்தை நான் பார்த்தேன். சரியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவருடைய வண்டியாக இருந்திருந்தால், இன்றைக்கே மாற்றுங்கள், வெயில் காலம் வந்தால் ஒரு நாள் அணைத்த இடத்திலேயே நின்றுவிடும் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் நான் செய்யவே இல்லை.

"தாங்கும்ணே" என்றேன்.

"நெஜமாவா?"

"நாலு மாசந்தானே? தாங்கும்."

அந்த 'தானே'யை நான் குத்தலாகத்தான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார். டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். மேலே அலமாரியில் அந்த இரண்டு புது பேட்டரிகளும் இருந்தன.

செப்டம்பரில் ராணுவம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்தது. பாலத்துக்குப் பாலம் சோல்ஜர்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, சாமி நாள் என்று சட்டம் போட்டார்கள். பஸ் கிடையாது, டாக்சி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னார்கள். ஆனால் பாலத்தில் துப்பாக்கியோடு நிற்பவரிடம் அதை எடுத்துச் சொல்லும் துணிச்சல் யாருக்கு இருந்தது?

அண்ணன் எப்போது வந்து, போகிறேன் என்று சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. நானும் போகவில்லை. அவர் சொல்லாமலே போய்விடுவார் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், உனக்கு போன் என்று. லவுடோக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன்.

"தம்பி, பொண்ணு பொறந்திருக்குது."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கா? உங்க அண்ணிக்குத்தாண்டா."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் விரல்கள் தம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். நாலு மாதம். அண்ணன் எங்கேயும் போகவில்லை. போவதாக நினைக்கவும் இல்லை. பிரசவம் வரைக்கும் வண்டி தாங்குமா என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "வண்டி வழியில பாலத்தாண்ட நிக்குது. பேட்டரி பூட்ச்சி. இன்னா பண்றது, என் நேரம் அப்பிடி. நாளைக்கு வரும்போது ஒரு பேட்டரி எடுத்துக்கினு வர்றியா?"

என் நேரம் என்றார். உன் வேலை என்று சொல்லவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், புது பேட்டரியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் துணிப் பொட்டலமாக ஒரு குழந்தை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்ததை நான் அறிவேன். இரண்டு தடவையும் நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணி கண்ணைத் திறந்தார். "உனக்கு சொல்லணும்னு அவரு துடிச்சிக்கினு இருந்தாரு. நான்தான் வாணாம்னு சத்தியம் வாங்கிக்கினேன். ரெண்டு தபா சொன்னோம், ரெண்டும் நிக்கல. கண்ணு பட்டுடும்னு பயந்தேன். கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ள நான் யார்? குழந்தையைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

நானும் அண்ணனும் பஸ் ஏறிப் பாலத்துக்குப் போனோம். வழியில்தான் அவர் நடந்ததைச் சொன்னார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வலி எடுத்திருக்கிறது. வலி எடுத்ததும் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வண்டி வீட்டில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பாலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அணைத்தார். விசாரித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் டக். அவ்வளவுதான்.

தம்பிகளே, அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். பட்டறையில் கேட்டால், சரி, இதைக் கழற்று என்போம். துப்பாக்கிக்கு முன்னால், பின் சீட்டில் வலியில் துடிக்கிற மனைவியோடு அதைக் கேட்டவர் என் அண்ணன்.

முதலில் அவர்கள் நம்பவில்லை. ஏதோ தந்திரம் என்று இவரை வெளியே இறக்கி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறார்கள். வெயிலில் கால் மணி நேரம். அதற்குள் அவர்களில் மூத்த சோல்ஜர் ஒருவர் பின் சீட்டில் குனிந்து பார்த்திருக்கிறார். ஏதோ சத்தம் போட்டாராம். நாலு பேர் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்கள். இரண்டு தடவை தள்ளியும் எஞ்சின் பிடிக்கவில்லை. உதவிக்கு நிறுத்தலாம் என்றால் அந்தப் பெரிய சாலையில் ஒரு வண்டி இல்லை, ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் அண்ணியைக் கையில் தூக்கித் தங்கள் ராணுவ லாரியில் தார்ப்பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். எந்த லாரியைத் தூரத்தில் கண்டாலே எங்கள் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்களோ, அந்த லாரியில். போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே கிடைத்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். மடியில் இருந்த பேட்டரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாலத்தில் வண்டி ஓரமாக நின்றது. உள்ளே சூடாகாமலிருக்க யாரோ முன் கண்ணாடியின் மேல் தென்னை ஓலையைப் போட்டிருந்தார்கள். அந்த மூத்த சோல்ஜர் எங்களைப் பார்த்ததும் நடந்து வந்தார். "பேபி?" என்றார். அண்ணன், "கேர்ள்" என்றார். அவர் திரும்பி மற்றவர்களிடம் கத்திச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வினாக்கா, வினாக்கா" என்று அவர்கள் பாஷையிலேயே நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்களைப் பற்றி நான் ஆறு மாதமாக நினைத்ததெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்தப் பாலத்தில் தலைகுனிந்து நின்றது அவர்கள் இல்லை.

பழைய பேட்டரியைக் கழற்றினேன். ஒரு செல் முழுதாகச் செத்திருந்தது. ஈய முனையில் என் கீறல் அப்படியே இருந்தது. புதியதை மாட்டிவிட்டு, பானட்டை மூடாமலே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு முள்ளு வுழுந்தத நான் பாத்தேன். தாங்காதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க நாட்ட வுட்டுப் போறீங்கன்னு நெனச்சிக்கினேன். போறவங்களுக்கு எதுக்குப் புதுசுன்னு..."

அண்ணன் பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வூட்ட வுட்டுக் கிளம்பும்போது எனக்கு இவனுங்கள நெனச்சித்தான் பயமா இருந்துச்சு" என்றார். "உன்ன நெனச்சி பயப்படணும்னு தோணவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

என் முதலாளி ஏன் மீட்டரைப் படித்து முடிக்கும்வரை யாரையும் பேச விடமாட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அண்ணனின் கேள்வி முதலில் என் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு முள் எங்கே விழுந்தாலும் எனக்கு ஒன்றுதான். முதலாளியின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் துவைத்து மடித்து வைத்தேன். அவருடைய வழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். கையைத் தூக்கி ஆட்களை நிறுத்துகிற கிழவன் என்று எனக்கும் பெயர் வந்தது. வரட்டும்.

இரண்டரை வருடத்தைத் தாண்டிய பேட்டரி இன்று நன்றாக ஸ்டார்ட் ஆகிறது என்பதால் நல்ல பேட்டரி ஆகிவிடாது. வண்டிக்காரர் எந்த இடத்தில் அணைக்க வேண்டி வரும், அங்கே திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அது உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் மாற்றச் சொல்ல வேண்டும். அவர் எங்கே போகிறார், எப்போது போகிறார், உங்களிடம் சொன்னாரா இல்லையா என்பதெல்லாம் மீட்டரில் வராது. அதை மீட்டரில் ஏற்றாதீர்கள். இரண்டாயிரமாவது வருடத்தில் மறுபடியும் ஒரு தடவை இந்த நாட்டில் துப்பாக்கி வந்தது, மறுபடியும் எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முள் விழுந்த ஒவ்வொருவருக்கும், போகிறவரோ இருக்கிறவரோ, கையிலிருந்த நல்ல பேட்டரியைத்தான் கொடுத்தேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மறு வருடம் செப்டம்பரில் அண்ணன் பட்டறைக்கு வந்தார். அண்ணி பின் சீட்டில், மடியில் குழந்தை, அதற்குப் பத்து மாதம். அண்ணன் வாயைத் திறக்கும் முன் கையைத் தூக்கினேன். ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். மூன்று தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முள் அசைந்தேன் பார் என்று ஒரு நூல் இறங்கி ஏறியது. பிறகு கையைக் கீழே இறக்கினேன்.

"இன்னும் நாலு மாசம் தாங்குமா, தம்பி?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இந்தத் தடவை ஏன் என்று கேட்டேன். அண்ணியின் தம்பி ஆக்லாந்தில் இருக்கிறார், பேப்பர் வந்துவிட்டது, ஜனவரியில் கிளம்புகிறோம் என்றார். பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அண்ணி குழந்தையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாராம். என் அந்தப் பொய்ப் பதில் இல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் போயிருப்பார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"தாங்கும்ணே" என்றேன்.

நாலு மாதம் கழித்து நாடி விமான நிலையத்தில் வண்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த பேட்டரி மொத்தம் மூன்று வருடமும் ஒரு மாதமும் ஓடியது. கடைசி இரண்டு வருடம் அதை ஓட்டியவன் நான்.